வீட்டுப் புறவாசலில் வில் பழகலாமா? சட்டம் எங்கே இருக்கிறது?

கல்லிடைக்குறிச்சிப் பக்கத்திலிருந்து ஓர் அண்ணாச்சி கேட்டிருக்கிறார். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள், பள்ளியில் வில்வித்தை பழகுகிறாள். வீட்டில் பயிற்சி செய்யட்டும் என்று 20 பவுண்டு இழுவிசையுள்ள, நுனிகள் எதிர்ப்பக்கம் வளைந்த ரிகர்வ் வில் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார். வீடும் புறவாசலுமாக 22 சென்ட் இடம். பின்சுவருக்கு அந்தப் பக்கம் வாய்க்கால் பாதை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஆயுதச் சட்டத்துல வரும், போலீஸ் தூக்கிட்டுப் போயிரும்" என்று கிளப்பிவிட்டார். இணையத்தில் தேடினால் எல்லாப் பக்கமும் "உங்கள் நகர விதியைப் பாருங்கள்" என்கிறது. அந்த விதி நம் ஊரில் எங்கே இருக்கிறது, யாரிடம் அனுமதி வாங்குவது? இதுதான் கேள்வி.

நான் பாளையங்கோட்டையில் வக்கீல். அதைவிட இங்கே உதவக்கூடிய தகுதி ஒன்று உண்டு. ஆறு வருடம் என் வீட்டுப் புறவாசலில் அம்பு விட்டிருக்கிறேன், ஒரு தடவை வசமாக மாட்டிக்கொண்டும் இருக்கிறேன். அந்தக் கதை பின்னால் வரும்.

முதலில் அந்த இணையப் பக்கங்களை மூடிவிடுங்கள். அவை பெரும்பாலும் அமெரிக்காவில் எழுதப்பட்டவை. அங்கே ஒவ்வொரு நகர மன்றமும் தன் எல்லைக்குள் வில் எய்யலாமா, எய்தால் அண்டை வீட்டிலிருந்து எத்தனை அடி தள்ளி, பின்னால் என்ன தடுப்பு என்றெல்லாம் தனித்தனியாக விதி போடும். ஒரு ஊரில் சரியானது அடுத்த ஊரில் குற்றம். அதனால்தான் அவர்கள் "உங்கள் நகர விதி" என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நம் பக்கம் ஆயுதம், காயம், வன உயிர் எல்லாவற்றுக்கும் மத்தியச் சட்டங்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் போய் "வில்வித்தை விதி கொடுங்க" என்றால் கிளார்க் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அவர் மேல் தப்பு இல்லை, அப்படி ஒரு காகிதம் அவரிடம் கிடையாது. நம் சட்டம் நாலைந்து இடத்தில் சிதறிக் கிடக்கிறது. பொறுக்கி எடுத்துச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும்: வில்லை வைத்திருப்பதைப் பற்றி அது அவ்வளவாகக் கவலைப்படவில்லை. அம்பு எங்கே போய் விழுகிறது என்பதைத்தான் கேட்கிறது.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன ஆயுதச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1959-ஆம் வருடச் சட்டம். அதன் 2-ஆம் பிரிவில் 'ஆயுதம்' என்பதற்கு விரிவான பொருள் சொல்லியிருக்கிறார்கள். தாக்கவோ தற்காக்கவோ வடிவமைத்த பொருள் எல்லாம் அதில் அடங்கும். வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ மட்டும் செய்த பொருளும், விளையாட்டுச் சாமானாகத் தவிர வேறு எதற்கும் உதவாத பொருளும் அதில் சேராது. இந்தப் பொதுவான வாசகத்தை மட்டும் படித்தால் வில்லும் உள்ளே வந்துவிடும் போலத்தான் தோன்றும். அவர் சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் ஆயுதம் என்ற சொல்லுக்குள் வருவதாலேயே உரிமம் வாங்க வேண்டும் என்றாகிவிடாது. வைத்திருக்கவே உரிமம் வேண்டும் என்று 3-ஆம் பிரிவு சொல்வது துப்பாக்கி வகைக்கும் அதன் குண்டுகளுக்கும்தான். மற்ற ஆயுதங்களுக்கு 4-ஆம் பிரிவு. மத்திய அரசு ஒரு பகுதியைக் குறிப்பிட்டு, இன்னின்ன ஆயுதத்துக்கு அங்கே உரிமம் வேண்டும் என்று அரசிதழில் அறிவித்தால்தான் அது வேலை செய்யும்.

2016-ஆம் வருட ஆயுத விதிகளின் முதல் அட்டவணையில் துப்பாக்கி அல்லாத ஆயுதங்களுக்கு ஒரு பட்டியல் உண்டு. வாள், பிச்சுவா, ஈட்டி, போர்க்கோடரி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் என்று போகும். வில், அம்பு என்று பெயர் சொல்லி அதில் இல்லை. ஏர்கன்னுக்கு எண்ணே போட்டிருக்கிறார்கள்: 20 ஜூலுக்கு மேல் ஆற்றலிருந்தாலோ, குழாய் 0.177 அங்குலத்தைத் தாண்டினாலோ உரிமம். வில்லுக்கு இத்தனை பவுண்டு என்று அப்படி ஓர் எண் கிடையாது. ஆக, உங்கள் மகளின் 20 பவுண்டு வில்லை வாங்கவும் வீட்டில் வைத்துக்கொள்ளவும் உரிமம் வேண்டியதில்லை. கடை ரசீதை மட்டும் தொலைக்காமல் வையுங்கள். எங்கே, எதற்கு வாங்கினது என்று யாராவது கேட்டால் நீட்டுவதற்கு அதைவிட நல்ல காகிதம் இல்லை.

ஒரு எச்சரிக்கை. அம்பு வாங்கும்போது முனையைப் பாருங்கள். போட்டி அம்புக்கு முனை துப்பாக்கிக் குண்டு போல மழுங்கலாகக் கூம்பியிருக்கும். சில கடைகளில் ரெண்டு மூணு பிளேடு வைத்த வேட்டை முனையும் கிடைக்கிறது. சதையைக் கிழிக்கவென்றே செய்தது அது. வைக்கோல் கட்டில் எய்ய அது எதற்கு? உங்கள் வீட்டில் அது கிடந்தால் 'விளையாட்டுக்கு வைத்திருக்கிறோம்' என்ற பேச்சே எடுபடாது. குறுக்குவில்லும் வேண்டாம் என்பேன். விசையைத் தட்டினால் பாயும் சாமானைப் பிள்ளை இருக்கிற வீட்டில் வைக்க எனக்குத் துணிச்சல் வராது.

ஆயுதம் என்றாலே நம் பக்கத்து ஆட்கள் மிரள்வதற்கு ஒரு பழைய காரணமும் இருக்கலாம். கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799-இல். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சி ரெண்டாம் முறையும் விழுந்த பிறகு, அந்த வருடக் கடைசியில் கும்பினி அரசு ஒரு பிரகடனம் போட்டுத் தென்சீமைப் பாளையங்களில் ஆயுதங்களைக் களையச் சொன்னது. அது இன்றைய சட்டத்தோடு ஒட்டாத கதை, சும்மா ஞாபகம் வந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன். ஆனி மாதம், சாயங்காலம். 32 பவுண்டு வில். நாணை இழுக்கும்போது வில்லைத் தலைக்கு மேல் தூக்கி, அப்படியே இறக்கிக்கொண்டு வந்து குறி பார்க்கும் பழக்கம் எனக்கு. சினிமாவில் பார்த்துப் படிந்த பழக்கம்தான். அன்றைக்கு விரல் வியர்த்திருந்தது. வில் மேலே இருக்கும்போதே நாண் நழுவிவிட்டது. 'டப்' என்று ஒரு சத்தம். அம்பு எட்டடிச் சுவருக்கு மேலே எங்கோ போனது. எங்கே போனது என்று பார்க்கக்கூட முடியவில்லை, ஒரு வெள்ளைக் கீற்று, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துப் பின்வீட்டு ஆச்சி வந்தார். செத்த பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி வருவது போல அம்பின் பின்னுனியை ரெண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து, தார்சாவில் வைத்தார்.

"ஏ வக்கீலு, இது ஒன் அம்புதானே? வைக்கப்படப்புல குத்திக்கிட்டு நிக்கி. கன்னுக்குட்டி ஒரு சாண் தள்ளிக் கட்டிக் கிடந்துச்சு. அது மேல பட்டிருந்தா நான் எந்தக் கோர்ட்டுக்குப் போறது?"

ஆச்சி கேட்டது சரியான சட்டக் கேள்வி. அதற்குப் பதில் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 125-ஆம் பிரிவுதான் உங்களுக்கு நெருக்கமானது. பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி அசட்டையாக நடந்தால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். கவனியுங்கள், இதற்கு யாருக்கும் காயம் பட்டிருக்கவே வேண்டியதில்லை. அம்பு வாய்க்கால் பாதையில் போய் விழுந்து, அந்த நேரம் நாலு பேர் நடந்து போயிருந்தால் போதும். காயம் பட்டால் ஆறு மாதம் வரை, 5,000 ரூபாய் வரை. கண் போகிற மாதிரிக் கொடுங்காயமென்றால் மூன்று வருடம் வரை, 10,000 ரூபாய் வரை. உயிரே போனால் 106-ஆம் பிரிவு, ஐந்து வருடம் வரை. வேண்டுமென்றே ஒருவர் மேல் எய்தால் வேறு பிரிவு, அதைப் பற்றி நமக்குப் பேச்சில்லை.

கன்றுக்குட்டி? 325-ஆம் பிரிவு விலங்கைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் ஐந்து வருடம் வரை வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் குற்றத்துக்கு நஷ்டம் உண்டாக்கும் எண்ணமோ, உண்டாகும் என்ற அறிவோ வேண்டும். கை தவறிப் போன அம்புக்கு அது பொருந்தாது, ஆச்சிக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டியதோடு முடிந்திருக்கும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதல் தடவை "தெரியாமப் போயிருச்சு" என்று சொல்லலாம். சுவரைத் தாண்டும் என்று ஒரு தடவை கண்ட பிறகு, அதே இடத்தில் அதே மாதிரி நின்று எய்தால், அந்த வார்த்தையை நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. ஆச்சி அன்றைக்கு அம்பைக் கொண்டுவந்து வைத்ததே எனக்கு ஒரு நோட்டீஸ்தான்.

20 பவுண்டு வில்தானே, எவ்வளவு தூரம் போய்விடும் என்று நினைப்பீர்கள். கணக்குப் பாருங்கள். அப்படிப்பட்ட வில்லிலிருந்து அம்பு விநாடிக்கு ஏறத்தாழ 40 மீட்டர் வேகத்தில் கிளம்பும். மேல்நோக்கிச் சாய்வாகப் போனால், காற்றுத் தடையே இல்லை என்று வைத்துக்கொண்டால் 160 மீட்டர் எட்டும். காற்று பிடித்து இழுத்தாலும் 100 மீட்டருக்குக் குறையாது. உங்கள் 22 சென்ட் கிட்டத்தட்ட 9,580 சதுர அடி. அகலம் 60 அடி என்றால் நீளம் 160 அடி, அதாவது முன்வாசலிலிருந்து பின்சுவர் வரை 50 மீட்டருக்கும் குறைவு. தவறிக் கிளம்பின அம்பு உங்கள் பட்டாவுக்குள் விழ வாய்ப்பே இல்லை என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இதனால்தான், சட்டத்தைத் தேடுவதற்கு முன் நிலத்தைத் தேடுங்கள் என்கிறேன். பட்டா, சிட்டா வைத்திருப்பீர்கள். அதோடு புல எல்லை வரைபடத்தையும் எடுங்கள். அரசின் இணையச் சேவையிலேயே எஃப்.எம்.பி. என்று கிடைக்கும், ஒவ்வொரு பக்கத்துக்கும் அளவு போட்டிருக்கும். உங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் 100, 150 மீட்டருக்குள் என்னென்ன புல எண்கள், அதில் எது பட்டா, எது வாய்க்கால் புறம்போக்கு, எது பாதை என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். உங்கள் கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் அந்தத் தாளிலேயே வந்துவிடும். நகரத்துக்குள் பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி மாதிரி இடங்களில் அஞ்சு சென்ட் மனைக்காரர்கள் என்னிடம் கேட்டால் தாளைப் பார்க்காமலே வேண்டாம் என்பேன். தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில் நின்று எய்யலாமா என்று ஒருவர் கேட்டார். அவருக்குப் பதிலே சொல்லவில்லை.

"குளம் வற்றிக் கிடக்கு, அங்க போய் எய்தா என்ன?" என்றும் கேட்பார்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்களே என்பார்கள். குளம் பொது நீர்நிலை. ஆடு மேயும், விறகு பொறுக்க ஆள் வரும், குறுக்கே நடந்து போவார்கள். பந்து உருண்டு போய் நின்றுவிடும், அம்பு அப்படியா? 125-ஆம் பிரிவுக்கு அதைவிடப் பொருத்தமான களம் கிடைக்காது.

இனி வன உயிரினச் சட்டம். நீங்கள் கேட்காததும், உங்கள் ஊர்க்காரர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதும் இதுதான். ஆயுதச் சட்டத்தில் வில்லைத் தேடித் தேடிக் களைத்துப் போகிறோம். 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பளிச்சென்று இருக்கிறது. 2-ஆம் பிரிவில் 'ஆயுதம்' என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் வெடிமருந்து, துப்பாக்கி, கத்தி, வலை, விஷம், கண்ணி ஆகியவற்றோடு வில்லும் அம்பும் பெயரோடு வருகின்றன. அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு, தலைமை வன உயிரினக் காப்பாளரோ அதிகாரம் பெற்ற அலுவலரோ முன்கூட்டி எழுத்தில் அனுமதி தராமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் யாரும் நுழையக் கூடாது என்கிறது. எய்ய வேண்டாம், குறி பார்க்க வேண்டாம், கையில் வைத்துக்கொண்டு நுழைந்தாலே குற்றம்.

இதை உங்கள் ஊரோடு பொருத்திப் பாருங்கள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு எட்டிப் பிடிக்கிற தூரம். களக்காடு சரணாலயமும் முண்டந்துறை சரணாலயமும் சேர்ந்து 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானது. ஆடி அமாவாசைக்குக் காப்பகத்துக்குள் இருக்கிற காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் கிளம்புவீர்கள். முந்தின நாள் பயிற்சிக்கு எடுத்துப் போன வில் பை டிக்கியில் அப்படியே கிடக்கும். பாபநாசம் சோதனைச் சாவடியில் வனத்துறைக்காரர் டிக்கியைத் திறக்கச் சொல்வார். அந்த நிமிடம் உங்கள் மகளின் விளையாட்டுச் சாமான் சட்டத்தின்படி ஆயுதம். "பிள்ளை ஸ்கூல்ல பழகுறா சார்" என்பதை அவர் நம்பலாம், நம்பாமலும் போகலாம். சோதனையிடவும் பறிமுதல் செய்யவும் 50-ஆம் பிரிவில் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. மாஞ்சோலைக்குப் போகிற பாதையும் இதே கதைதான். மலைப் பக்கம் வண்டியைத் திருப்புவதற்கு முன் டிக்கியைப் பார்த்துவிடுங்கள்.

சரணாலயத்துக்கு வெளியேயும் இந்தச் சட்டம் உங்கள் புறவாசல் வரை வரும். நம் வயல்களில் இப்போது கோழிக்குச் சமமாக மயில் திரிகிறது. மிளகாய் நாற்றைக் கிளறிப் போட்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் மயில் இந்த வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புள்ள பட்டியலில் இருக்கிறது. 'வேட்டை' என்ற சொல்லுக்குச் சட்டம் கொடுக்கும் பொருளில் கொல்வதோடு காயப்படுத்துவதும் கொல்ல முயல்வதும் அடக்கம். முதல் அட்டவணை உயிர் என்றால் குறைந்தது மூன்று வருடம், அதிகம் ஏழு வருடம். அபராதம் 2022 திருத்தத்துக்குப் பிறகு 25,000 ரூபாய்க்குக் குறையாது. காட்டுப்பன்றி முதல் அட்டவணையில் இல்லை, ஆனாலும் அதை வேட்டையாடுவதும் குற்றம்தான். அடிவாரத்துக்காரர்கள் வாழையையும் கிழங்கையும் பன்றிக்குக் கொடுத்துவிட்டுப் படும் வேதனை எனக்குத் தெரியும். அதற்கும் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் கொடுத்த அலுவலரோ எழுத்தில் உத்தரவு போட்டால்தான் வழி. "வில்லுதான் வீட்ல இருக்கே" என்று மச்சினன் ராத்திரி தோட்டத்துக்குக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். வில் உங்களுடையது என்பதால் கேள்வி உங்கள் வீட்டுக்கும் வரும்.

நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தாலும் அங்கே வில்லைக் கொண்டுபோக வேண்டாம். 1994 முதல் பறவைகள் சரணாலயம். கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டுப் புறவாசல் மரங்களிலேயே கூடு கட்டும், குஞ்சு மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது.

அடுத்து, தடை உத்தரவு. ஊரில் ஏதாவது பதற்றம், கொடை விழாவில் தகராறு, தேர்தல் நேரம் என்றால் பழைய 144 இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவாக வரும். சாதாரணமாக ரெண்டு மாதத்துக்கு மேல் நீடிக்காது, மாநில அரசு நீட்டித்தால் தவிர. அந்த உத்தரவுகளில் ஆயுதம் எடுத்துச் செல்லத் தடை இருப்பது வழக்கம், அதில் வில்லுக்கு விலக்கு எழுதியிருக்க மாட்டார்கள். அந்த நாட்களில் வில்லைப் பையில் போட்டு அலமாரியில் வையுங்கள், பஸ்ஸில் எடுத்துப் போகவும் வேண்டாம். திருநெல்வேலி மாநகர எல்லைக்குள் இது போலீஸ் கமிஷனர் கையில். உங்கள் ஊர் அதற்கு வெளியே, அங்கே கலெக்டரோ கோட்டாட்சியரோ உத்தரவு போடுவார். கடையம் பக்கத்துக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், 2019 முதல் நீங்கள் தென்காசி மாவட்டம், உங்கள் மனு கொக்கிரகுளத்திலுள்ள திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்துக்கு வரக் கூடாது.

சிவில் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் பயந்து போய் முன்சீப் கோர்ட்டில் நிரந்தரத் தடை கேட்டு வழக்குப் போடலாம். பொதுப்பாதையில் நடக்க முடியவில்லை என்று கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் அவர் அதே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் உங்களை விசாரித்து, நிறுத்தச் சொல்லலாம். ரெண்டிலும் முதல் கேள்வி, அம்பு வெளியே போகிறதா இல்லையா என்பதுதான்.

யாரிடம் அனுமதி வாங்குவது என்று கேட்டீர்கள். சொந்தப் பட்டா இடத்தில் பழக அனுமதிச் சீட்டு என்று ஒன்று இல்லை, அதனால் கொடுப்பாரும் இல்லை. ஆனால் காகிதம் சேர்த்து வைக்கலாம். சட்டங்களின் மூலத்தை இந்தியா கோட் என்ற அரசு இணையதளத்தில் நீங்களே படிக்கலாம், நான் சொன்ன பிரிவுகளைச் சரிபாருங்கள், வக்கீல் சொன்னான் என்று விட்டுவிட வேண்டாம். உள்ளூரில் ஏதாவது உத்தரவு இருக்கிறதா என்று தெரிய தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். கேட்கிற விதம் முக்கியம். "நான் வில் பழகலாமா?" என்று கேட்டால் 'இது தகவல் அல்ல' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். "தங்கள் எல்லைக்குள் தனியார் இடத்தில் வில்வித்தைப் பயிற்சியைத் தடுக்கும் அல்லது ஒழுங்குபடுத்தும் உத்தரவு ஏதும் நடைமுறையில் இருந்தால் அதன் நகல் தரவும்" என்று கேளுங்கள். பஞ்சாயத்துக்கு ஒன்று, எஸ்.பி. அலுவலகத்துக்கு ஒன்று. 'அப்படி எதுவும் இல்லை' என்று வருகிற பதிலைப் பத்திரமாக வையுங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.

அப்புறம் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரைப் போய்ப் பாருங்கள். மகள் எங்கே பழகுகிறாள், எந்தப் போட்டிக்குப் போகிறாள் என்பதற்குப் பள்ளியிலிருந்து ஒரு கடிதம் வாங்கி, அடையாள அட்டையோடு வில் பையிலேயே வையுங்கள். உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் ஒரு தகவல் கடிதம் கொடுக்கலாம், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். இது கட்டாயமில்லை. ஆனால் யாராவது போன் போட்டு "இங்க ஆயுதப் பயிற்சி நடக்கு" என்று சொல்கிற அன்றைக்கு, எஸ்.ஐ. வண்டியை எடுப்பதற்கு முன் அந்தக் கடிதம் ஞாபகம் வரும்.

கடைசியாக உங்கள் புறவாசல். வீடு போக 70, 80 அடி தேறும், 24 மீட்டர் என்று வையுங்கள். உள்ளரங்கப் போட்டித் தூரம் 18 மீட்டர், அது அடங்கும். அடங்குகிறது என்பதற்காக அங்கே தொடங்க வேண்டாம். வில் பிடிப்பதும் நாண் விடுவதும் படிய, பயிற்சியாளர்களே ஐந்து மீட்டரில் வெறும் வைக்கோல் கட்டை வைத்து, வட்டத் தாள்கூட ஒட்டாமல் எய்யச் சொல்வார்கள். பத்து மீட்டர் உங்களுக்குத் தாராளம். பிசானம் அறுவடை முடிந்ததும் மெஷின் சுருட்டிப் போடுகிற வைக்கோல் உருளைகளை வாங்கி, கயிற்றால் இறுக்கிக் கட்டி அடுக்குங்கள். ஐப்பசி மழைக்கு அது நனைந்து இற்றுப் போகும், அப்போது சாக்குக்குள் பழைய துணியைத் திணித்துத் தைத்தது ஈடு கொடுக்கும். குறியை இடுப்புயரத்துக்குக் கீழே வையுங்கள், அம்பு எப்போதும் தரையைப் பார்த்துப் போகட்டும். என் கெட்ட பழக்கம் மகளுக்கு வராமல், வில்லைத் தோளுக்கு மேல் தூக்காமலே நாண் இழுக்கச் சொல்லிக்கொடுங்கள். ஆனி, ஆடிக் காற்று அடிக்கிற சாயங்காலங்களில் வில்லை எடுக்கவே வேண்டாம். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் பக்கத்தில் அந்தக் காற்றில்தான் காற்றாலை சுற்றுகிறது, அம்பு அதற்கு எம்மாத்திரம்.

எல்லாவற்றையும்விட, திசையைத் திருப்புங்கள். உங்களைப் போலவே நானும் முதலில் வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்சுவரைப் பார்த்துத்தான் எய்தேன். இப்போது பின்சுவரில் முதுகை வைத்து, என் வீட்டுப் பின்பக்கத்தைப் பார்த்து எய்கிறேன். பின்சுவர் எட்டடி, வீடு இருபதடி. கொஞ்சம் எகிறின அம்பு என் வீட்டில்தான் முட்டும். அடுப்படிக் கதவை வெளிப்பக்கம் தாழ் போட்டு, ஜன்னல்களைச் சாத்தி, வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வில்லைத் தொடுவேன். பயிற்சி முடிகிற வரை யாரும் புறவாசலுக்கு வர முடியாது, காயப்போட்ட துணியை எடுக்க முடியவில்லை என்று வீட்டம்மா உள்ளிருந்து ஏசுவார். சுவரில் நாலைந்து இடத்தில் பூச்சு பெயர்ந்திருக்கிறது. ஆச்சி அதற்குப் பிறகு அம்பு எதையும் கொண்டுவந்து கொடுக்கவில்லை.